தாய்மொழி என்ற கட்டமும் ஓட்டுப்பெட்டியும்

2025 ஜூலையில் அசாமில் ஒரு சிறுபான்மை மாணவர் அமைப்பின் தலைவர் அரசுக்கு ஒரு மிரட்டல் விடுத்தார். ரயிலை மறிப்போம், கடையை அடைப்போம் என்றெல்லாம் இல்லை. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்ற இடத்தில் அசாமிய மொழி என்று எழுத மாட்டோம், வங்காளி என்று எழுதுவோம், அவ்வளவுதான். அதற்கு முதலமைச்சர் ஹிமந்த பிஸ்வ சர்மாவே பதில் சொன்னார். அப்படி எழுதினால் மாநிலத்தில் வெளிநாட்டினர் எத்தனை பேர் என்ற கணக்கு தெரிந்துவிடும், வேறொன்றும் ஆகாது என்ற பொருளில்.

வெளியூர்க்காரருக்கு இது விசித்திரமாக இருக்கும். வீட்டில் என்ன பேசுகிறோமோ அதைச் சொல்வதுதானே தாய்மொழி? அதை வைத்து மிரட்டவும் எதிர்மிரட்டல் விடவும் என்ன இருக்கிறது? அசாமில் இருக்கிறது. பஞ்சாபில் இருந்தது. இந்தியாவில் மொழியும் தேர்தலும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று விளக்க எல்லோரும் போராட்டங்களிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு அந்தப் படிவத்திலிருந்து தொடங்குவதே சரியாகப் படுகிறது. அந்தக் கட்டத்தை நிரப்பும்போது மக்கள் பாதி உண்மையைச் சொல்கிறார்கள், பாதி ஓட்டுப் போடுகிறார்கள். அரசுக்கும் இது தெரியும். கணக்கெடுப்பாளர்களுக்குக் கொடுக்கும் கையேட்டிலேயே இதற்கு ஒரு குறிப்பு உண்டு: ஏதாவது ஒரு பகுதியில், ஒருங்கிணைந்த இயக்கம் காரணமாக மக்கள் தாய்மொழியை மாற்றிச் சொல்வதாகச் சந்தேகம் வந்தால், அவர்கள் சொன்னதை அப்படியே எழுது, நீயாகத் திருத்தாதே, மேலதிகாரிக்குத் தகவல் மட்டும் கொடு. மதத்தையும் தாய்மொழியையும் முடிச்சுப் போட்டுப் பார்க்காதே என்றும் சொல்லியிருக்கும். அனுபவப்பட்டவர்கள் எழுதிய குறிப்பு என்று படித்தவுடன் தெரியும்.

அந்த அனுபவத்தில் பெரும்பங்கு பஞ்சாபினுடையது. பிரிவினைக்குப் பிறகு சீக்கியர்களின் கட்சியான அகாலிதளம் பஞ்சாபி பேசும் மக்களுக்குத் தனி மாநிலம் கேட்டது. மதத்தின் பெயரால் மாநிலம் கேட்க முடியாது, மொழியின் பெயரால் கேட்கலாம் என்ற நிலை. அதைப் புரிந்துகொண்ட இந்து அமைப்பான ஆரிய சமாஜமும் இந்து தேசியவாதக் கட்சியான ஜனசங்கமும் பஞ்சாபி பேசும் இந்துக்களிடம் போய், கணக்கெடுப்பில் இந்தி என்று எழுதுங்கள் என்று பிரசாரம் செய்தன. ஜலந்தரிலிருந்து வந்த சில நாளிதழ்களும் இந்திக்கு வரிந்துகட்டின. அந்த நாளிதழ்கள் அச்சானதோ உருதுவில். வீட்டில் பஞ்சாபி, கையில் உருதுப் பத்திரிகை, படிவத்தில் இந்தி. 1951-இல் சண்டை முற்றி, எந்த எண்ணையும் நம்ப முடியாது என்ற நிலை வந்தபோது, பஞ்சாபிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் இந்தி, பஞ்சாபி, உருது, பஹாடி நான்கையும் பிரிக்காமல் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியிட்டார்கள்.

1955-இல் ஃபசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் பஞ்சாபி மாநிலக் கோரிக்கையை நிராகரித்தது. 1961 கணக்கெடுப்பிலும் அதே கதை. ஆனால் இந்த முறை அந்த எண்களுக்கு விலை இருந்தது. 1966-இல் பஞ்சாபைப் பிரிக்க முடிவு செய்து ஷா ஆணையத்தை எல்லை வகுக்கச் சொன்னபோது, அது கையில் எடுத்தது 1961 மொழிக் கணக்கை. சண்டிகர் அடங்கிய கரர் வட்டத்தையே ஹரியானாவுக்குக் கொடுக்கலாம் என்று ஆணையத்தின் பெரும்பான்மை பரிந்துரைத்தது. கடைசியில் சண்டிகர் யாருக்கும் முழுதாக இல்லாமல் ஒன்றியப் பகுதியாகி, இரண்டு மாநிலங்களுக்கும் தலைநகராக இன்றுவரை நிற்கிறது. ஐந்தாண்டுக்கு முன் வாசலில் வந்து நின்ற கணக்கெடுப்பாளரிடம் சொன்ன ஒரு வார்த்தை எல்லைக்கோடாக மாறும் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1966 நவம்பர் 1-ஆம் தேதி புதிய பஞ்சாப் பிறந்தது. 1967 தேர்தலில் காங்கிரசுக்கு 104-இல் 48 இடங்கள்தான். அகாலித் தலைவர் குர்னாம் சிங் முதலமைச்சரானார். அவருடைய கூட்டணி ஆட்சியில் ஜனசங்கமும் சேர்ந்துகொண்டது. பஞ்சாபி என்று எழுது என்றவர்களும் இந்தி என்று எழுது என்றவர்களும் ஒரே அமைச்சரவையில். எல்லை முடிவான பிறகு அந்தக் கட்டத்தில் அடித்துக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. பொது எதிரியான காங்கிரஸ் மட்டும் மிச்சம் இருந்தது.

படிவத்தில் ஒரு மொழியை எழுதுகிறவர் அந்த மொழிக்கான கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவார் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. இதைக் கோவா இன்னும் தெளிவாகக் காட்டியது. 1961-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து விடுபட்ட கோவாவில் பெரிய கேள்வி, மகாராஷ்டிரத்தோடு சேர்வதா வேண்டாமா என்பது. அதன் அடியில் இருந்தது மொழிக் கேள்வி: கொங்கணி தனி மொழியா, மராட்டியின் வட்டார வழக்கா? வழக்குதான் என்றால் மராட்டி மாநிலத்தில் சேர்வது நியாயம். தனி மொழி என்றால் தனியாக இருப்பது நியாயம். மொழியியலாளர்கள் தீர்க்க வேண்டிய கேள்வியை மக்களிடமே விட்டுவிட்டார்கள். 1967 ஜனவரி 16-இல் வாக்கெடுப்பு. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒன்று அபூர்வம். தனியாக இருப்போம் என்றவர்கள் 1,72,191 பேர். சேர்வோம் என்றவர்கள் 1,38,170 பேர். இணைப்பை முன்வைத்த மகாராஷ்டிரவாதி கோமந்தகக் கட்சிக்கு முகத்தில் அறைந்த மாதிரி முடிவு.

இரண்டே மாதத்தில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. 30 இடங்களில் 16-ஐ வென்று ஆட்சிக்கு வந்தது யார்? அதே மகாராஷ்டிரவாதி கோமந்தகக் கட்சி. முதலமைச்சர் அதே தயானந்த் பந்தோத்கர். இணைப்பு வேண்டாம் என்று ஜனவரியில் சொன்னவர்களில் ஒரு பகுதியினர் மார்ச்சில் அவரிடமே ஆட்சியைக் கொடுத்தார்கள் என்றுதான் இந்த எண்களைப் படிக்க முடிகிறது. அந்தக் கட்சிக்குப் பின்னால் நின்றவர்கள் பெரும்பாலும் குத்தகை விவசாயிகளும் தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட சாதியினரும். அவர்களுடைய நிலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பந்தோத்கர் தேவைப்பட்டார், பம்பாய் தேவைப்படவில்லை. கொங்கணி பிறகு 1975-இல் சாகித்திய அகாதமியின் அங்கீகாரமும், 1987-இல் ஆட்சிமொழித் தகுதியும், 1992-இல் அரசியலமைப்பின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் இடமும் பெற்றது.

இப்போது அசாமுக்குத் திரும்பலாம், ஏனென்றால் அங்கே கதை வேறு மாதிரி. 1931-இல் அசாமிய மொழி பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 20 லட்சம். போர்க்காலம் என்பதால் 1941-இல் மொழிக் கணக்கு போடவில்லை. 1951-இல் அதே எண் சுமார் 50 லட்சம். இருபது ஆண்டில் இரண்டரை மடங்கு! இது தொட்டில் கணக்கில் அடங்காது. கிழக்கு வங்காளத்தின் மைமன்சிங் பக்கத்திலிருந்து வந்து பிரம்மபுத்திராவின் மணல் திட்டுகளில் பயிர் செய்த முஸ்லிம் விவசாயிகள் பெருமளவில் தங்கள் தாய்மொழி அசாமிய மொழி என்று எழுதியதே முக்கியக் காரணம். பிள்ளைகளை அசாமிய வழிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 'ந அசமியா', அதாவது புது அசாமியர், என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஏன் செய்தார்கள்? அவர்கள் உட்கார்ந்திருந்த நிலத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். அசாமிய மேல்தட்டுக்கோ மாநிலத்தில் பெரும்பான்மை வேண்டும். 1947-இல் வங்காளி பேசும் சில்ஹெட் பாகிஸ்தானுக்குப் போன பிறகும், வங்காளி பேசும் தெற்கு அசாமின் பராக் பள்ளத்தாக்கு மக்களும் நகரத்து வங்காளி இந்துக்களும் இருந்தார்கள். வாயால் யாரும் சொல்லாத ஒப்பந்தம் இது: நீ எங்கள் மொழியை எழுது, நாங்கள் உன்னை இருக்க விடுகிறோம். வாடகை மாதிரிதான். அந்தப் பெரும்பான்மையின் பலத்தில் 1960-இல் அசாமிய மொழி ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து 1961 மே 19-இல் சில்சாரில் கூடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் செத்தார்கள். அதன் பிறகே பராக் பகுதிக்கு வங்காளி நிர்வாக மொழியானது.

1979-இல் அந்த ஒப்பந்தம் உடைந்தது. உடைந்த இடம் எது தெரியுமா? ஒரு வாக்காளர் பட்டியல். மங்கல்தை மக்களவைத் தொகுதியில் உறுப்பினர் இறந்து இடைத்தேர்தல் வந்தபோது, பட்டியலில் வெளிநாட்டினர் ஆயிரக்கணக்கில் இருப்பதாகப் புகார் எழுந்தது. வெளிநாட்டினரை நீக்கு என்று மாணவர்கள் முன்னின்று நடத்திய ஆறாண்டு கிளர்ச்சி. இடையில் 1983-இல் நெல்லி பகுதியில் வங்காளி முஸ்லிம்கள் படுகொலை. 1981-இல் அசாமில் கணக்கெடுப்பே நடத்த முடியவில்லை. 1985 ஆகஸ்ட் 15-இல் மத்திய அரசோடு அசாம் உடன்பாடு கையெழுத்தாகி, டிசம்பரில் மாணவர் தலைவர்கள் அசாம் கண பரிஷத் என்ற கட்சியாக நின்று வென்று, பிரபுல்ல குமார் மகந்தா முதலமைச்சரானார். மொழிக்காக எழுந்த இயக்கம் கோட்டைக்குப் போவதைத் தமிழர்கள் 1967-இலேயே பார்த்துவிட்டோம் என்பதால் இது நமக்கு ஆச்சரியமாக இருக்காது. ஆனால் அங்கே கேள்வி எந்த மொழி ஆளும் என்பதோடு நிற்கவில்லை, யாரெல்லாம் ஓட்டுப் போடலாம் என்பதாகிவிட்டது.

அசாமிய மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 1991-இல் நூற்றுக்கு 57.8. 2001-இல் 48.8. 2011-இல் 48.4. பாதிக்குக் கீழே. போடோ போன்ற பழங்குடியினர் தங்கள் மொழியை உறுதியாக எழுதத் தொடங்கியதும், வங்காளி முஸ்லிம்களில் ஒரு பகுதி பழைய மொழிக்குத் திரும்பியதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அசாமில் யார் இந்தியக் குடிமக்கள் என்று சரிபார்த்து 2019 ஆகஸ்ட் 31-இல் வெளியிட்ட தேசியக் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து 19 லட்சம் பேர் விடுபட்டார்கள். எழுபது ஆண்டாக அசாமிய மொழி என்று எழுதியும் நம்மை வெளியாள் என்கிறார்களே என்று அந்தத் திட்டுகளில் இருப்பவர் நினைப்பதில் வியப்பில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மிரட்டல் இங்கேயிருந்துதான் வருகிறது. வாடகை கொடுத்துக்கொண்டே இருந்தும் வீட்டைக் காலி செய் என்றால், வாடகையை நிறுத்துகிறேன் என்பது ஒரு பேச்சு. அது அவர்களுக்கு நல்லதா என்பது வேறு விஷயம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

இதுவரை சொன்னது மக்கள் நிரப்பும் கட்டம். அரசு நிரப்பும் கட்டம் ஒன்று இருக்கிறது. 2011-இல் இந்திய மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. எழுத்துப்பிழை, ஊர்ப்பெயர், சாதிப்பெயர் எல்லாம் அதில் சேர்த்தி. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக்கினார்கள். பிறகு அவற்றை 121 மொழிகளின் கீழ் அடுக்கினார்கள். அதில் 22 எட்டாவது அட்டவணை மொழிகள். இந்த அடுக்கும் வேலையில்தான் இந்தி 52.8 கோடி ஆகிறது, அதாவது நூற்றுக்கு 43.63.

அந்த 52.8 கோடியில், இந்தி என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் 32.2 கோடி. நூற்றுக்கு 27-ஐத் தொடவில்லை. மிச்சம் 20 கோடிப் பேர் வேறு பெயர் சொன்னவர்கள்: போஜ்புரி 5 கோடி, ராஜஸ்தானி 2.5 கோடி, சத்தீஸ்கரி 1.6 கோடி, மகஹி 1.2 கோடி, இன்னும் பல. சத்தீஸ்கரி என்ற மொழியின் பெயரோடு ஒட்டிய மாநிலம் 2000-இலேயே உருவாகிவிட்டது, ஆனால் கணக்கில் அது இந்தி. ராஜஸ்தான் சட்டமன்றம் 2003-இல் ராஜஸ்தானியை எட்டாவது அட்டவணையில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது, கணக்கில் அதுவும் இந்தி. மைதிலியைப் பாருங்கள்: 1991 வரை இந்திக்குள் அடக்கம். 2003-இன் 92-ஆவது திருத்தத்தில் போடோ, டோக்ரி, சந்தாலியோடு அட்டவணையில் ஏறியதும், 2001 கணக்கில் 1.2 கோடிப் பேருடன் தனியாக வந்தது. பேசும் வாய் மாறவில்லை, அரசின் அடுக்கு மாறியது. அதே அட்டவணையில் சமஸ்கிருதத்துக்கு 24,821 பேரோடு இடம் உண்டு, ஒரு கோடிப் பேருக்கு மேல் பேசும் பழங்குடி மொழியான பீலிக்கு இடமில்லை.

போஜ்புரிப் பாட்டு இல்லாமல் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலோ மேற்குப் பீகாரிலோ தேர்தல் கூட்டம் நடக்காது. போஜ்புரி நடிகர்கள் மக்களவை உறுப்பினர்களாகவே இருக்கிறார்கள். ஆனாலும் தங்களை இந்தியில் சேர்த்ததற்காக அங்கே ஓர் ஆட்சியும் கவிழ்ந்ததில்லை. அங்கே ஓட்டு சாதியைச் சுற்றி நடக்கிறது. மொழி கூட்டம் சேர்க்கும் மேளமாக இருக்கிறது.

நம் வீட்டுப் பக்கமே பார்த்தால் தெரியும். மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுகின்றன. கடைவீதியில் நம்மைவிட நல்ல மதுரைத் தமிழ். அகில இந்தியக் கணக்கில் அவர்கள் சுமார் இரண்டரை லட்சம். தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2011-இல் நூற்றுக்கு 5.87. கன்னடம், உருது இரண்டும் தலா 1.75 சொச்சம். ஆனால் தெலுங்கு ஓட்டு என்று ஒரு மூட்டை இங்கே கிடையாது. யாரும் அதைக் கட்டப் பார்த்தும் நிற்கவில்லை. எண்ணிக்கையில் ஒரு நிலமோ, எல்லையோ, வேலையோ, பள்ளிக்கூடமோ தொங்கினால்தான் அது அரசியலாகிறது. நூற்றுக்கு 30 பேர் சிறுபான்மை மொழி பேசினால் மாநிலத்தை இருமொழி மாநிலமாகக் கருதலாம், பள்ளியில் 40 பேரோ வகுப்பில் 10 பேரோ இருந்தால் தாய்மொழியில் சொல்லித்தர வேண்டும் என்று 1949, 1956 காலத்திலேயே வரையறை போட்டார்கள். அதைக் கேட்டு வாங்கும் ஊர்களில் மட்டும் அந்த எண் உயிரோடிருக்கிறது.

எண் இருந்தும் கிடைக்காத கதையும் உண்டு. திருவிதாங்கூர்–கொச்சியில், தமிழ் பேசும் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 1954 தேர்தலில் 12 இடங்களை வென்றது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு 1956-இல் நம்மோடு சேர்ந்தன. தேவிகுளம், பீருமேட்டில் தமிழர்களே அதிகம் என்று கணக்கு சொன்னது. தோட்ட வேலைக்கு வந்து போகும் கூட்டம் இது, இந்த எண்ணை அப்படியே எடுக்க முடியாது என்று ஃபசல் அலி ஆணையம் ஒதுக்கியது. வந்து போகும் கூட்டத்தின் பேரன்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். 2021-இல் தேவிகுளம் தொகுதியின் உறுப்பினர் கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார்.

இந்தத் தொல்லையே வேண்டாம், மொழியை எண்ணாமல் விட்டால் என்ன? பெல்ஜியம் அதைச் செய்து பார்த்தது. டச்சும் பிரெஞ்சும் பேசும் நாடு. ஓர் ஊரில் பிரெஞ்சு பேசுவோர் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால் நிர்வாக மொழி மாறும் என்று 1932-இல் சட்டம் போட்டார்கள். 1947 கணக்கெடுப்பு வந்தபோது அது வாக்கெடுப்பாகவே ஆகிவிட்டது. முடிவை வெளியிடப் பயந்து 1954 வரை இழுத்தார்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு முன், 1961-இல், மொழிக் கேள்வியையே சட்டம் போட்டு எடுத்துவிட்டு, மொழி எல்லையை நிரந்தரமாக வரைந்தார்கள். படிவச் சண்டை ஓய்ந்தது. ஆனால் 1968 முதல் 1978-க்குள் மூன்று பெரிய கட்சிகளும் மொழிவாரியாக இரண்டிரண்டாகப் பிளந்தன. ஒரு பக்கத்துக் கட்சி மறுபக்கத்து வாக்காளரிடம் பெரும்பாலும் ஓட்டே கேட்பதில்லை. 2010 தேர்தலுக்குப் பிறகு அரசு அமைய 541 நாள் ஆனது. எண்ணுவதை நிறுத்திய நாட்டில், கட்சிகள் எண்ணத் தொடங்கிவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் எண்ணுவது நிற்காது. பெரும்பான்மை பேசுவதால் இந்தி என்றால், காக்கையைத்தானே தேசியப் பறவை ஆக்கியிருக்க வேண்டும் என்று அண்ணா மாநிலங்களவையில் கேட்டது தமிழ்நாட்டுக்குத் தெரிந்த கதை. அன்றைக்கு அது மொழிக்கான வாதம். இப்போது அதே தலைக்கணக்கு தொகுதிக்கும் வருகிறது. மாநிலங்களுக்கு எத்தனை மக்களவை இடம் என்பதை 1976-இல் உறைய வைத்தார்கள். 2001-இல் அதை, 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தார்கள். 43.63 என்ற எண்ணை இங்கே யாராவது மேடையில் சொன்னால் கேட்பவர் காதில் அது மொழியாக மட்டும் விழுவதில்லை, மக்களவையின் 543 இடங்களில் தமிழ்நாட்டுக்கு 39 என்பதும் சேர்ந்தே விழுகிறது.

புதிய கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது என்று அறிவித்தபோது, வீட்டிலிருந்தபடியே இணையத்தில் தாங்களே படிவத்தை நிரப்பலாம் என்ற வசதியையும் சொன்னார்கள். வாசலில் நிற்கும் வாத்தியார் முன்னால் சொல்வதற்கும் கைப்பேசியில் தட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. வாத்தியார் பேச்சுவழக்கைக் கேட்பார், சுவரில் ஒட்டிய போஸ்டரைப் பார்ப்பார், தெரு முழுக்க ஒரே பதிலைச் சொன்னால் சந்தேகப்படுவார், மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு அனுப்புவார். கைப்பேசியில் தட்டும் நேரத்தில் அந்தக் குறிப்பை எழுதப் பக்கத்தில் ஆள் இல்லை.